ஆறு என்னும் விதிவிலக்கு

காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போகும் சாலையில் சுமார் 10 கிலோமீட்டரில் குன்றக்குடி வந்துவிடும். தோகை மடக்கி உட்கார்ந்த மயில் போல இருக்கிறது என்று ஊரார் சொல்லும் சிறு குன்று. மேலே ஆறு முகமும் பன்னிரண்டு கையுமாகச் சண்முகநாதர். அவரைச் சுற்றி எங்கு திரும்பினாலும் ஆறுதான். வளர்த்தவர்கள் கார்த்திகைப் பெண்கள் அறுவர், நாள், ஆறாம் திதியான சஷ்டி, மந்திரம் ஆறெழுத்து, படைவீடு ஆறு. சஷ்டியன்று பூசையறையில் போடும் கோலம்கூட ஒன்றன்மேல் ஒன்று கவிழ்ந்த இரண்டு முக்கோணம். அதன் ஆறு முனைகளில் ஆறு எழுத்துகள்.

படைவீட்டுப் பட்டியலில் குன்றக்குடிக்குத் தனி இடம் இல்லை. ஆனால் நக்கீரரின் திருமுருகாற்றுப்படை ஐந்தாவதாகச் சொல்வது ஓர் ஊரின் பெயரை அன்று, குன்றுதோறாடலை. குன்று எங்கெல்லாம் உண்டோ அங்கெல்லாம் என்று பொருள். பின்னால் வந்தவர்கள் அதைத் திருத்தணி என்று சுருக்கிக்கொண்டார்கள். நூலின்படி பார்த்தால் குன்றக்குடியும் உள்ளேதான். ஆறு என்று எண்ணி முடித்த பட்டியலுக்குள் எண்ணி முடியாத ஓர் உறுப்பை வைத்த நக்கீரரைக் கணக்குக்காரர்கள் கொண்டாடியிருக்க வேண்டும்.

இந்த இடத்தில் ஒரு வழக்கமான தாவல் நடக்கும். முருகனுக்கு ஆறு முகம் வைத்தவர்களுக்கு ஆறின் கணித ரகசியமெல்லாம் தெரிந்திருந்தது என்று எழுதிவிடுவார்கள். எழுதுவது எளிது, ஆதாரம் கிடையாது. குன்றக்குடிக்கு அந்தக் குழப்பம் தேவையும் இல்லை. ஆதீனகர்த்தராக இருந்த குன்றக்குடி அடிகளார் (1925–1995), காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைத் தம் ஊரின் வளர்ச்சித் திட்டத்துக்குள் கொண்டுவந்தவர். திருநீற்றையும் ஆய்வுக்கூடத்தையும் ஒன்றாக்காமல் இரண்டையும் வைத்துக்கொண்ட ஊர் அது. அதே முறையில், சமயத்தின் ஆறைச் சமயத்திடமே விட்டுவிட்டு, எண்ணாகிய 6-ஐ மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன். ஒரு தனி எண்ணைப் பற்றிக் கணிதம் உண்மையில் என்ன சொல்ல முடியும்? எந்தப் பண்பு அதற்கே உரியது, எந்தப் பண்பு அது சிறிய எண்ணாக இருப்பதால் மட்டும் வாய்த்தது? கேள்வி இவ்வளவுதான்.

பள்ளிப் பாடத்திலேயே சொல்லிவிடுவது, 6 ஒரு நிறைவெண் என்பது. தன்னைத் தவிர்த்த வகுத்திகளான 1, 2, 3-ஐக் கூட்டினால் அதே 6. அடுத்தவை 28, 496, 8128. இவற்றை உண்டாக்கும் வழியை யூக்ளிட் தம் ஒன்பதாம் நூலின் கடைசிப் பகுதியில் தந்தார். இரட்டை நிறைவெண்கள் எல்லாமே அந்த வழியில்தான் வர முடியும் என்று இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து ஆய்லர் நிறுவினார். 2024 அக்டோபரில் கண்டுபிடிக்கப்பட்ட பகா எண்ணோடு சேர்த்து, இன்று நமக்குத் தெரிந்த நிறைவெண்கள் 52. ஒற்றைப்படையில் ஒன்றுகூட அகப்படவில்லை. அகப்படாது என்ற நிறுவலும் இல்லை. உலகை ஆண்டவன் ஆறு நாளில் படைத்ததற்கு 6-இன் நிறைவைக் காரணம் காட்டினார் புனித அகஸ்டின். கணக்கைக் கொண்டு கடவுளை விளக்கும் ஆசை நம் ஊருக்கு மட்டும் உரியதில்லை.

நிறைவெண்களின் வரிசையில் 6 முதலில் நிற்கிறதே ஒழிய, மற்றவற்றோடு ஒட்டி நிற்கவில்லை. 28-இன் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 10, பிறகு 1. 496 தருவது 19, 10, 1. 8128-உம் அப்படியே. இரட்டை நிறைவெண் எதை எடுத்தாலும் முடிவில் 1 வரும், 6-ஐத் தவிர. 28 என்பது 1, 3 ஆகியவற்றின் கனங்களின் கூட்டல்; 496 என்பது 1, 3, 5, 7-இன் கனங்களின் கூட்டல். ஒற்றை எண்களின் கனங்களை அடுத்தடுத்துக் கூட்டி இரட்டை நிறைவெண் ஒவ்வொன்றையும் பெறலாம், 6-ஐத் தவிர. எந்த வர்க்க எண்ணாலும் (1-ஐ விட்டுவிட்டு) வகுபடாத நிறைவெண்ணும் இது ஒன்றே. ஒற்றை நிறைவெண் என்றாவது அகப்பட்டாலும் இந்தக் கூற்று மாறாது. புகழ் கிடைத்தது எந்தக் குடும்பத்தின் பெயரால் கிடைத்ததோ, அந்தக் குடும்பத்தின் சாடை இதற்கு இல்லை.

இன்னொரு பழைய வேடிக்கை: 1, 2, 3-ஐக் கூட்டினாலும் 6, பெருக்கினாலும் 6. இது வேடிக்கையோடு நிற்கவில்லை. கூட்டலும் பெருக்கலும் சமமாக வரும் மூன்று மிகை முழுவெண்கள் வேறு கிடையாது, அதைச் சில வரிகளில் காட்டிவிடலாம். மூன்றில் பெரியதை ஒதுக்கி வையுங்கள். மூன்றின் கூட்டுத்தொகை அந்தப் பெரியதன் மூன்று மடங்கைத் தாண்டாது. ஆகவே மற்ற இரண்டின் பெருக்கமும் 3-ஐத் தாண்ட முடியாது. அந்த இரண்டும் 1, 1 என்றால் பெரிய எண் தன்னைவிட 2 கூடுதலான எண்ணுக்குச் சமமாக வேண்டும்; நடக்காது. 1, 2 என்றால் பெரியது 3. 1, 3 என்றால் வருவது 2; அது முன் சொன்ன விடையேதான். நான்காவது வழி இல்லை.

வகுபடும் தன்மையில் 6-க்கு ஒரு நல்ல சாட்சி இராமானுஜன். கேம்பிரிட்ஜில் இருந்தபோது 1915-இல் அவர் வெளியிட்ட நீண்ட கட்டுரை, தன்னைவிடச் சிறிய எண் எதற்கும் இல்லாத அளவுக்கு வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றியது. 2, 4, 6, 12, 24, 36, 48, 60 என்று போகும் வரிசை. இந்த ஆய்வுதான் அடுத்த ஆண்டு அவருக்கு அங்கே பட்டம் வாங்கித் தந்தது. அந்த வரிசைக்குள்ளும் மேம்பட்டவை என்று அவர் பிரித்தெடுத்தவை 2, 6, 12, 60, 120 என்று செல்லும். 4 அங்கே உதிர்ந்துவிடுகிறது, 6 தங்குகிறது.

செட்டிநாட்டில் உட்கார்ந்து 6-ஆல் வகுப்பதைப் பற்றி எழுதிவிட்டு வட்டிக்கடைக் கணக்கை விட்டுவிட முடியாது. தமிழ்க் கீழ்வாய் எண்களில் அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக ஒரு வரிசை. இருபதில் ஒன்றான மா, எண்பதில் ஒன்றான காணி, 320-இல் ஒன்றான முந்திரி என்று இன்னொரு வரிசை. 320 என்பது ஆறு இரண்டுகளையும் ஓர் ஐந்தையும் பெருக்கி வருவது. அதில் 3 என்ற காரணி இல்லை. ஆகவே ஆறு பங்காளிகளுக்கு ஒன்றைச் சமமாகப் பிரித்தால், பங்குக்கு 53 முந்திரி போக, முந்திரியில் மூன்றில் ஒரு பங்கு தொங்கிக்கொண்டே இருக்கும். அதற்கும் கீழே முந்திரியை மறுபடி 320-ஆகப் பகுத்த கீழ்முந்திரிக்குப் போனாலும் இதே கதை. 1,02,400-லும் 3 இல்லை. அடுத்த படியான இம்மியில்தான் வழி திறக்கிறது. பழைய வாய்பாட்டின்படி கீழ்முந்திரியில் 21-இல் ஒன்று இம்மி. அந்த 21-க்குள் ஒரு 3 இருக்கிறது. ஆறில் ஒரு பங்கு என்பது சரியாக 3,58,400 இம்மி. எண்சுவடி பாடம் பண்ணிய எந்தப் பையனும் இம்மிக் கணக்கில் பணம் எண்ணியிருக்க மாட்டான். ஆனாலும் வாய்பாட்டை வகுத்தவர்கள், வேறு எதை நினைத்து அந்த 21-ஐ வைத்தார்களோ, 6-ஆல் வகுபடும் இடத்தைக் கடைசியில் தொட்டுவிட்டார்கள்.

ரூபாய் இந்தச் சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது. 16 அணா ஒரு ரூபாய், 12 தம்படி ஓர் அணா. மொத்தம் 192 தம்படி. ஆறில் ஒரு பங்கு 2 அணா 8 தம்படி, மிச்சமில்லை. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்ததும் தலைக்கு 16 பைசா போக 4 பைசா நின்றது. பத்தின் அடுக்குகளில் 3 இல்லை என்ற ஒரே காரணத்தால், கணக்குப்பிள்ளைகள் பழைய தொங்கலுக்கே திரும்பினார்கள். தசம முறையின் வசதியைப் புகழ்கிறவர்கள் இந்த நான்கு பைசாவைப் பற்றிப் பேசுவதில்லை.

தரைக்கு வருவோம். ஆத்தங்குடிக் கல் பாவிய முற்றத்தில் ஒரே பூ திரும்பத் திரும்ப வருகிறது. அந்தத் தரையை ஒரு புள்ளியைச் சுற்றித் திருப்பினால், முழுச் சுற்றுக்குள் எத்தனை தடவை அது பழையபடி பொருந்தும்? இப்படிப் பரவும் எந்த வடிவத்திலும் விடை 2, 3, 4, 6 ஆகியவற்றுள் ஒன்றாகத்தான் இருக்கும், பொருந்தவே பொருந்தாமல் போனாலொழிய. ஐந்து முடியாது, ஏழும் அதற்கு மேலும் முடியாது. சதுரக் கல் நான்குக்குத் தோது. கோலத்தில் நேர்ப்புள்ளியும் அப்படியே. ஊடுபுள்ளி வைத்தால் ஒவ்வொரு புள்ளிக்கும் ஆறு அண்டைப் புள்ளிகள் அமைந்து, ஆறு தடவை பொருந்தும் கோலம் கிடைக்கும். காரணம் எண்ணுக்குள்ளேயே இருக்கிறது. 6-ஐவிடச் சிறியவற்றில் 6-உடன் பொதுக்காரணி இல்லாதவை 1, 5 இரண்டே. இப்படி இரண்டே கொண்ட எண்கள் 3, 4, 6 மூன்றுதான். ஆறு அந்தப் பட்டியலின் கடைசி. அதற்குப் பிறகு கதவு சாத்தப்படுகிறது. 3-க்கு மேற்பட்ட பகா எண் ஒவ்வொன்றும் 6-இன் மடங்குக்கு ஒன்று முன்னோ பின்னோ நிற்பதும் இதே 1, 5-இன் வேலை.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ரிச்சர்ட் கை என்ற கணிதர் 1988-இல் பாதி விளையாட்டாக ஒரு விதியை எழுதினார்: சிறிய எண்கள் கொஞ்சமே, அவற்றுக்கு உள்ள வேலைகளோ ஏராளம், ஆகவே ஒரே எண் பல இடங்களில் தட்டுப்படத்தான் செய்யும். அறுசுவைகளைத் தனித்தும் கலந்தும் சேர்த்தால் 63 வகை என்று சுசுருத சம்ஹிதை கணக்கிட்டது. தனியாக 6, இரண்டிரண்டாக 15, மும்மூன்றாக 20, பிறகு 15, 6, 1. ஆறு பொருள்களின் சேர்க்கைகளை எண்ணிய மிகப் பழைய கணக்குகளில் இது ஒன்று; கணக்கும் சரி. 63 என்றதும் நாயன்மார் நினைவுக்கு வருவது இயல்பு. அதற்குமேல் அதில் எதுவும் இல்லை. இதே 63 இன்னும் சற்று நேரத்தில் வேறு ஓர் இடத்தில் வரப்போகிறது. அங்கேயும் வியக்க வேண்டாம்.

அந்த இடம் சிதம்பரம். கானாடுகாத்தானின் அண்ணாமலைச் செட்டியார் 1929-இல் தொடங்கிய பல்கலைக்கழகத்தில் அதே ஆண்டு ஆசிரியராகச் சேர்ந்தவர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. செங்கோட்டைக்கு அருகே வல்லத்தில் 1901-இல் பிறந்தவர். 1941 வரை அங்கே இருந்தார்; அவருடைய பெரிய வேலைகள் அந்த ஆண்டுகளில்தான் நடந்தன. அவர் கையில் எடுத்தது, 1770-இல் எட்வர்டு வேரிங் எழுதி வைத்த ஒரு கேள்வி. எந்த முழுவெண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதலாம். கனங்கள் என்றால் 9 போதும். நான்காம் அடுக்கு என்றால் 19. ஆறாம் அடுக்குகள் எத்தனை வேண்டும்?

குறைந்தது எத்தனை என்று பார்ப்பது கடினமில்லை. 703-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 3-இன் ஆறாம் அடுக்கு 729, இங்கே பயன்படாது. கையில் இருப்பவை 1-உம், 2-இன் ஆறாம் அடுக்கான 64-உம் மட்டுமே. பத்து 64 சேர்ந்தால் 640. மிச்சம் 63-க்கு 63 ஒன்றுகள். ஆக 73 உறுப்புகள் இல்லாமல் 703-ஐ எழுத முடியாது. எந்த எண்ணுக்கும் 73-க்கு மேல் வேண்டியதில்லை என்று காட்டுவதுதான் மலை. ஏழாம் அடுக்கு முதல் மேலே போகும் அடுக்குகளை 1936 வாக்கில் பிள்ளை சிதம்பரத்திலும் டிக்சன் சிகாகோவிலும், ஒருவர் வேலையை ஒருவர் அறியாமல், பெரும்பாலும் முடித்திருந்தார்கள். அடுக்கு சிறியதாகச் சிறியதாகக் கையாளக் கிடைக்கும் உறுப்புகள் குறைகின்றன, வேலை கடினமாகிறது. பிள்ளை 1940-இல் ஆறைத் தீர்த்தார்: விடை 73. ஐந்தாம் அடுக்கு, 37 என்று சீனத்தின் சென் ஜிங்ருன் 1964-இல் காட்டும்வரை காத்திருந்தது. நான்கு இன்னும் நீண்ட காலம் எடுத்தது. பின்னாளில் சென்னைக் கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரான ஆர். பாலசுப்பிரமணியன், பிரான்சின் தெசுயே, திரெஸ் ஆகியோரோடு சேர்ந்து 1986-இல் 19-ஐ உறுதிசெய்தார். 1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்காவில் நடக்கவிருந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே விமானம் விழுந்து பிள்ளை இறந்தார்.

செட்டிநாட்டுப் பணத்துக்கும் எண்கோட்பாட்டுக்கும் இன்னொரு தொடர்பும் அந்த ஆண்டுகளில் அமைந்தது. கோட்டையூர் அழகப்பச் செட்டியார் சென்னையில் இராமானுஜன் பெயரில் ஒரு கணித நிறுவனத்தை ஏற்படுத்தினார். ஹார்டியின் மாணவரான தி. விஜயராகவன் அதன் முதல் இயக்குநர். இன்று அது சென்னைப் பல்கலைக்கழகத்தின் பகுதி.

பிள்ளையின் கணக்கில் 6 ஒழுங்காக விதிக்கு அடங்கி நடக்கிறது. 2-இன் ஆறாம் அடுக்கு 64. ஒன்றரையின் ஆறாம் அடுக்கில் முழுப்பகுதி 11. இரண்டையும் கூட்டி 2-ஐக் கழித்தால் 73. இதுவரை தெரிந்த மற்ற அடுக்குகளுக்கும் இதே வாய்பாடு. எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது 6 விதியை மீறும் இடங்கள். நிறைவெண் என்ற பட்டம் அதற்கு அழகுதான். அதன் தனித்தன்மை மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது.

ஆய்லர் 1782-இல் அச்சிட்ட ஒரு புதிர்: ஆறு படைப்பிரிவு, ஆறு பதவி, பிரிவுக்கும் பதவிக்கும் ஒருவராக மொத்தம் 36 அதிகாரிகள். ஆறுக்கு ஆறு சதுரமாக நிறுத்த வேண்டும். எந்த வரிசையிலும் எந்த நிரலிலும் பிரிவோ பதவியோ இரண்டு முறை வரக் கூடாது. 3, 4, 5-க்கு இது சுலபமாக முடியும். 6-க்கு ஆய்லரால் முடியவில்லை. முடியாது என்று அவர் ஊகித்தார். 2, 6, 10, 14 என்று செல்லும் எல்லா எண்களுக்கும் அப்படியே என்றும் சேர்த்துச் சொன்னார். அல்ஜீரியாவில் பிரெஞ்சு அரசு அலுவலராக இருந்த காஸ்தோன் தாரி, 1900-இல் 9,408 சதுரங்களை வகைப்படுத்திக் கையாலேயே சரிபார்த்து 6-க்கு வழியில்லை என்று முடித்தார். ஊகத்தின் மிச்சப் பகுதியை உடைத்தவர்களுள் இருவர் இந்தியர்கள்: கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் வளர்ந்த ராஜ் சந்திர போஸ், மத்தியப் பிரதேசத்துச் சாகரில் பிறந்த சரத்சந்திர சிரிகண்டே. 1959-இல் முதலில் 22-க்கு அவர்கள் ஒரு சதுரம் கட்டினார்கள். பார்க்கர் என்ற அமெரிக்கர் 10-க்குக் கட்டினார். மூவரும் சேர்ந்து மற்ற எல்லாவற்றையும் முடித்தார்கள். செய்தி நியூயார்க் டைம்ஸின் முதல் பக்கத்தில் வந்தது. ஊகம் சாய்ந்த பிறகு நின்றவை இரண்டே: 2-உம் 6-உம். 2-இல் இடமே இல்லை என்பதால் அதைத் தள்ளிவிடலாம். பத்தும் நூறும் இலட்சமும் பணிந்துவிட்ட ஒரு வேலையில் பணியாமல் நிற்பது 6 மட்டும்.

இந்தக் கதை சென்னையில் மறுபடி தொடர்ந்தது. அதிகாரிகள் குவாண்டம் நிலைகளாக இருந்தால், ஒருவரே பல பிரிவு, பல பதவிகளின் கலவையாக இருக்கலாம், ஒருவரோடு ஒருவர் பின்னியும் கிடக்கலாம். அப்போதும் முடியாதா? சென்னை ஐ.ஐ.டி.யின் அருள் லட்சுமிநாராயணன், சுஹைல் அகமது ராதர் ஆகியோரும் போலந்து ஆய்வாளர்களும் சேர்ந்து அப்படி ஓர் அமைப்பைக் கட்டிக் காட்டினார்கள். கட்டுரை 2022-இல் பிசிக்கல் ரிவியூ லெட்டர்ஸ் இதழில் வந்தது. ஆய்லருக்கு முடியாதது முடிந்தது. ஆனால் 36 பேரும் தனித்தனி ஆட்களாக இருக்கும்வரை தாரியின் தீர்ப்பு தீர்ப்புதான்.

இன்னும் வினோதமான விதிமீறல் ஒன்று உண்டு. புரிந்துகொள்ள ஒரு கபடிப் பந்தயம் போதும். குன்றக்குடி, பிள்ளையார்பட்டி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், புதுவயல் என்று ஆறு அணிகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வோர் அணியும் மற்ற ஐந்தோடும் ஒரு தடவை மோத வேண்டும். மொத்தம் 15 ஆட்டம். நாளுக்கு மூன்று ஆட்டம் வீதம் ஐந்து நாள். எந்த நாளிலும் எந்த அணிக்கும் ஓய்வில்லை. ஒரு நாளின் மூன்று ஆட்டங்களை ஜோடி சேர்க்கும் வழிகளும் சரியாக 15. நாள்களின் முன்பின் வரிசையைப் பொருட்படுத்தாமல் எத்தனை வேறு வேறு அட்டவணை போடலாம்? ஆறு. அணி ஆறு, அட்டவணையும் ஆறு. எந்த இரண்டு அட்டவணையை எடுத்தாலும் இரண்டுக்கும் பொதுவான நாள் ஒன்றே ஒன்று. எந்த நாளின் ஜோடி சேர்ப்பும் சரியாக இரண்டு அட்டவணைகளில் வரும்.

இது வெறும் எண்ணிக்கைப் பொருத்தம் என்று ரிச்சர்ட் கையின் விதியைக் காட்டித் தள்ளிவிடத் தோன்றும். தள்ள முடியாது. இரண்டு அணிகளின் பெயரை மட்டும் மாற்றிப் போடுங்கள். ஆறு அட்டவணைகளும் இரண்டிரண்டாக இடம் மாறிக்கொள்ளும், ஒன்றுகூட அசையாமல் நிற்காது. ஆறு பொருள்களை வரிசை மாற்றும் 720 வழிகளையும் இவ்வாறு அணிகளின் பக்கமிருந்தும் பார்க்கலாம், அட்டவணைகளின் பக்கமிருந்தும் பார்க்கலாம். இரு பார்வையும் ஒரே இலக்கணத்துக்கு உட்பட்டவை. ஆனால் பெயரை மாற்றிச் சூட்டி ஒன்றை மற்றொன்றாக்க முடியாது. ஒரு பக்கம் ஓர் இடமாற்றமாகத் தெரிவது மறுபக்கம் மூன்று இடமாற்றங்களாகத் தெரிகிறது. பொருள்களின் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் இப்படி ஓர் இரட்டைப் பார்வை கிடையாது, ஆறைத் தவிர. கணிதர் ஹோல்டர் 1895-இல் எழுதிய கட்டுரையில் இது இருக்கிறது. நான்கு அணிகளுக்கு அட்டவணை ஒன்றே. எட்டு அணிகளுக்கு 6,240. பத்து அணிகளுக்கு 122 கோடியைத் தாண்டிவிடும்.

அணிகள் ஆறையும் அட்டவணைகள் ஆறையும் ஒன்றாகச் சேர்த்து 12 பொருள்களாகக் கருதினால், எமில் மத்தியூ 1861-இல் வேறு வழியில் கண்ட, வரிசை மாற்றங்களின் ஒரு குலத்துக்கு (group) அது கொண்டுபோய் விடுகிறது. அந்தப் பன்னிரண்டிலிருந்து ஆறாறு பொருள்கள் கொண்ட 132 கூட்டங்களைத் தேர்ந்தெடுக்கலாம். எந்த ஐந்து பொருளை நீங்கள் சுட்டிக்காட்டினாலும் அந்த ஐந்தும் சேர்ந்திருக்கும் கூட்டம் அந்த 132-இல் ஒன்றே ஒன்றுதான்.